மிதக்கும் தரையைச் சமன் செய்வது எப்படி?

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு நெடுஞ்சாலை வழியே செல்லும்போது, மாணவ நண்பர்களே, சாலையின் இருபுறமும் சற்றுக் கவனித்துப் பாருங்கள். கரடும் பாறையுமாகக் கிடந்த நிலத்தைச் சமன் செய்து தொழிற்சாலைகள் எழுப்பியிருக்கிறார்கள். பாறைக் குவாரிகளில் கருங்கல்லைப் பாளம் பாளமாக அறுத்து எடுக்கிறார்கள். புல்டோசர் மேட்டைத் தள்ளுகிறது. கிரேடர் அதை மட்டம் செய்கிறது. உருளை அழுத்தித் திடமாக்குகிறது. இந்த எந்திரங்கள் எல்லாம் ஒன்றை மட்டும் கேள்வி கேட்காமல் நம்புகின்றன. தங்களுக்குக் கீழே உள்ள தரை எங்கும் போய்விடாது என்பதே அது.

அந்தத் தரையே தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தால்? அதன் தடிப்பு ஒன்றிரண்டு மீட்டர் மட்டுமே என்றால்? அதற்கும் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழக் கடல் என்றால்? அங்கே ஒரு பாதை போடவும், ஒரு விமானம் இறங்குவதற்கு இடம் அமைக்கவும் உங்களிடம் ஒருவர் எந்திரம் கேட்டால் எப்படிப்பட்ட எந்திரத்தைச் செய்து கொடுப்பீர்கள்?

இது கற்பனைக் கேள்வியன்று. துருவக் கடல்களில் வேலை செய்பவர்கள் நெடுங்காலமாகச் சந்தித்துவரும் கேள்வி. நம் பள்ளி இயற்பியலைக் கொண்டே இதற்கு விடை தேடலாம், வாருங்கள்.

யாருக்கு வேண்டும் இந்தப் பாதை?

1982 ஜனவரி 9 அன்று, எஸ். இஸட். காசிம் தலைமையில் சென்ற முதல் இந்தியக் குழு அண்டார்க்டிகாவில் கால் பதித்தது. இன்று அங்கே நமக்கு மைத்ரி, பாரதி என்னும் இரண்டு ஆய்வு நிலையங்கள் உள்ளன. 134 சரக்குப் பெட்டகங்களைச் சேர்த்துக் கட்டப்பட்ட பாரதி, 2012 மார்ச் 18 அன்று செயல்படத் தொடங்கியது. அது லார்ஸ்மன் குன்றுகள் என்னும் பாறைக் கரையில், கடலை ஒட்டியே நிற்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அந்தக் கடல் உறைந்து கிடக்கும். கரையோடு ஒட்டிய பனி நல்ல திடமாக இருக்கும் பருவத்தில், இப்பகுதிக்கு வரும் கப்பல்கள் அதன் விளிம்பில் நின்றுவிடும்; அங்கிருந்து சங்கிலிச் சக்கர வண்டிகள் சறுக்குப் பலகைகளில் சரக்கை ஏற்றிக் கடல்பனியின் மேலேயே இழுத்து வரும்.

வட துருவத்தின் பக்கம் வாருங்கள். அலாஸ்காவின் வடமுனையில் உட்கியாக்விக் என்றோர் ஊர். 2016 வரை அதற்கு பாரோ என்று பெயர். அவ்வூர் இனுப்பியாட் மக்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் திமிங்கில வேட்டைக்காகக் கடல்பனியின் விளிம்புக்குப் படகை இழுத்துச் செல்கிறார்கள். வழியில் மறிக்கும் பனி மேடுகளை இன்றும் கோடரியாலும் கடப்பாரையாலும் வெட்டிப் பாதை அமைக்கிறார்கள். அந்தப் பாதை பிழைப்புக்கான வழி மட்டுமன்று. காற்று மாறிப் பனி உடையத் தொடங்கினால் உயிர் தப்பி ஓடி வரும் வழியும் அதுவே.

கடப்பாரை காத்த 104 உயிர்கள்

1934 பிப்ரவரி 13 அன்று, செல்யூஸ்கின் என்னும் சோவியத் கப்பல் ஆர்க்டிக்கின் சுக்சிக் கடலில் பனியால் நெருக்குண்டு மூழ்கியது. 104 பேர் பனியின் மேல் தப்பி நின்றார்கள். அவர்களில் பத்துப் பெண்களும் இரண்டு குழந்தைகளும் இருந்தனர். கரையிலிருந்து விமானம் வந்தால்தான் உயிர். விமானம் இறங்க வேண்டுமானால் சமதளம் வேண்டும்.

அவர்களிடம் இருந்தவை கடப்பாரை, மண்வெட்டி, இழுப்புப் பலகை ஆகியவையே. மேடுகளை உடைத்தார்கள், துண்டுகளைச் சுமந்து அகற்றினார்கள், சில நூறு மீட்டர் நீளத்துக்குத் தளம் அமைத்தார்கள். சில நாட்களில் பனி அசைந்தது, தளம் பிளந்தது. வேறிடம் தேடி மீண்டும் வெட்டினார்கள். அதுவும் பிளந்தது. மீண்டும் வெட்டினார்கள். மார்ச் 5 அன்று லியாபிதேவ்ஸ்கி என்னும் விமானி இறங்கிப் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிச் சென்றார். ஏப்ரல் 13 அன்று கடைசி மனிதரும் பனியை விட்டு வெளியேறினார்.

கையால் வெட்டியவர்களுக்கு ஒரு நன்மை இருந்தது. ஒரு மனிதனின் எடை 70 கிலோகிராம்தான். அவன் நிற்கும் பனி உடையாது. எந்திரத்தைக் கொண்டுவந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் கடல்பனி என்பது என்ன என்று பார்ப்போம்.

உப்பைத் துரத்தும் பனி

நன்னீர் 0 டிகிரி செல்சியஸில் உறைகிறது, கடல்நீர் −1.8 டிகிரியில் உறைகிறது. நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிப் படிகமாகும்போது உப்புக்கு அங்கே இடமில்லை. எனவே உப்பு வெளியே தள்ளப்படுகிறது. ஆனால் எல்லா உப்பும் தப்பிவிடுவதில்லை. கொஞ்சம் அடர்ந்த உப்புநீர், பனிக்குள் நுண்ணிய அறைகளில் சிறைப்பட்டுவிடுகிறது. ஆகவே கடல்பனி முழுத் திண்மமன்று. திரவத்தை உள்ளே வைத்திருக்கும் ஒரு வகைக் கடற்பஞ்சு எனலாம்.

குளிர் கூடினால் இந்த அறைகள் சுருங்கும், பனி வலுப்பெறும். குளிர் குறைந்தால் அறைகள் விரியும், பனி தளரும். ஓராண்டு வயதுள்ள சாதாரணக் கடல்பனியின் வளைவு வலிமை −5 டிகிரியில் இருப்பதைப் போல −20 டிகிரியில் ஏறத்தாழ இருமடங்கு. காலையில் உறுதியாக இருந்த பாதை, வெயில் ஏறும் பருவத்தில் நம்பத்தகாததாகிவிடுவது இதனால்தான். அத்துடன், மேலே எவ்வளவு குளிரானாலும் பனியின் அடிப்பகுதி எப்போதும் கடல்நீரின் உறைநிலையிலேயே இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். இந்தத் தரையின் அடித்தளம் என்றுமே பலவீனமானது!

இப்பனி ஏன் கரடுமுரடாகிறது? காற்றும் நீரோட்டமும் பனிப்பாளங்களை ஒன்றோடொன்று மோதவிடுகின்றன. விளிம்புகள் நொறுங்கிக் குவிகின்றன. வயலில் வரப்புப் போட்டதுபோல நீண்ட மேடுகள் உண்டாகின்றன. இவற்றைப் பனி வரப்பு என்று அழைப்போம். மேலே தெரியும் வரப்பு 2 மீட்டர் உயரமானால், அதன் அடிக்கால் கடலுக்குள் 8 மீட்டருக்கும் கீழே இறங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் மேட்டைப்போல நான்கு மடங்கு, தெரியாமல் தொங்குகிறது.

முதல் புதிர்: வெட்டியது மீண்டும் வருமா?

ஓசூரில் ஒரு மீட்டர் உயர மேட்டை வெட்டினால் மேடு போய்விடும். கடல்பனியில் என்ன ஆகும்?

பனியின் அடர்த்தி சுமார் 0.91, கடல்நீரின் அடர்த்தி 1.025. ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, தனியே மிதக்கும் ஒரு மீட்டர் தடிப்புள்ள பாளத்தில் 89 சென்டிமீட்டர் நீருக்குள் இருக்கும். 11 சென்டிமீட்டர் மட்டுமே வெளியே தெரியும். இப்போது ஒரே குறுக்களவுள்ள ஒரு தடித்த பாளம் தனியாக மிதப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் உச்சியில் ஒரு மீட்டர் முழுவதையும் செதுக்கி எடுக்கிறீர்கள். எடை குறைந்ததால் பாளம் மேலெழும். எவ்வளவு? 89 சென்டிமீட்டர்! நாளெல்லாம் பாடுபட்டு ஒரு மீட்டர் வெட்டிய உங்களுக்கு மிஞ்சிய பலன் 11 சென்டிமீட்டர்தான்.

உண்மையான வரப்பு சுற்றியுள்ள பனியோடு உறைந்து ஒட்டியிருப்பதால் இவ்வளவு எழும்பாது. ஆனால் எழும்ப முயலும் விசை அங்கே இருக்கத்தான் செய்யும். 100 சதுர மீட்டர் பரப்பில் ஒரு மீட்டர் வெட்டினால் 91 டன் எடை அகன்றுவிடுகிறது. அதே அளவு விசை அந்த இடத்தைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது. வெட்டிய 91 டன்னை ஓரமாகக் குவித்தீர்களானால், அந்த இடம் கீழே அமுங்குகிறது. ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே! இடையில் உள்ள பனி வளைந்து விரிசல் விடாமல் என்ன செய்யும்?

எனவே முதல் பாடம்: வெட்டி ஓரத்தில் குவிக்காதே, வெட்டியதைப் பக்கத்துப் பள்ளத்தில் பரப்பு.

இரண்டாம் புதிர்: தள்ளுவதா, அரைப்பதா?

கிருஷ்ணகிரிக் கருங்கல்லை நொறுக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் விசை வேண்டும். பனியை நொறுக்க அதில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேவையில்லை. அப்படியானால் பெரிய புல்டோசரைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

புல்டோசரின் தகடு 3 மீட்டர் அகலம். ஒரே தள்ளலில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் திடப்பனியைச் செதுக்க வேண்டும். தகடு எதிர்கொள்ளும் பரப்பு 0.15 சதுர மீட்டர். பனியின் எதிர்ப்பைச் சதுர மீட்டருக்கு 20 லட்சம் நியூட்டன் என்று கொண்டால், வேண்டிய விசை 3 லட்சம் நியூட்டன். அதாவது சுமார் 30 டன் எடைக்குச் சமம்.

இந்த விசையை வண்டி எங்கிருந்து பெறும்? தரையின் உராய்விலிருந்து. பனியில் முள் பதித்த சங்கிலிச் சக்கரத்துக்கும் உராய்வுக் கெழுவை 0.3 என்று கொள்வோம். 30 டன் தள்ள வேண்டுமானால் வண்டியின் எடை 100 டன் இருக்க வேண்டும்! பனி நொறுங்கிச் சிதறும் பொருளாகையால் உண்மையில் இதைவிடக் குறைந்த விசை போதுமாகலாம். பாதியாகவே குறைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் 50 டன்.

இப்போது சிக்கலின் மையத்துக்கு வந்துவிட்டோம். எடை இல்லாவிட்டால் வெட்ட முடியாது. எடை இருந்தாலோ நிற்க முடியாது!

இதற்கு விடை ஓசூரின் பட்டறைகளிலேயே இருக்கிறது. ஷேப்பர் எந்திரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே ஓர் உளி, உலோகத்தை நேராகத் தள்ளிச் சீவும். பக்கத்திலேயே மில்லிங் எந்திரம் இருக்கும். அதில் பல பற்கள் கொண்ட கட்டர் வேகமாகச் சுழன்று, ஒவ்வொரு பல்லும் மிக மெல்லிய சீவலை மட்டும் எடுக்கும். தள்ளும் விசை சிறிது. வேலை செய்வது சுழற்சி. நெடுஞ்சாலையில் பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுக்கும் எந்திரத்தின் வயிற்றிலும் இத்தகைய பல் பதித்த உருளைதான் இருக்கிறது.

அதே 3 மீட்டர் அகலம், அதே 5 சென்டிமீட்டர் ஆழம். ஆனால் இம்முறை பல் பதித்த உருளையைச் சுழலவிட்டு, வினாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெல்ல நகர்கிறோம். வினாடிக்கு வெட்டப்படும் பனி 0.015 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 20 லட்சம் ஜூல் ஆற்றல் என்று கொண்டால், வேண்டிய திறன் 30,000 வாட். சுமார் 40 குதிரைத்திறன்! நம் வயல்களில் உழும் டிராக்டரின் என்ஜின் போதும். ஒரு மணி நேரத்தில் 360 மீட்டர் நீளத்துக்கு வேலை முடிந்திருக்கும்.

ஒரே வேலைதான். தள்ளினால் 100 டன் வண்டி. அரைத்தால் 40 குதிரைத்திறன். விசை வேறு, ஆற்றல் வேறு என்று பாடப்புத்தகத்தில் படித்ததன் பொருள் இப்போது விளங்குகிறதா?

மூன்றாம் புதிர்: நிற்பது எப்படி?

1911 ஜனவரி 8 அன்று, அண்டார்க்டிகாவில் ஸ்காட்டின் குழுவினர் தங்கள் மூன்றாவது மோட்டார்ச் சறுக்கு வண்டியைக் கப்பலிலிருந்து இறக்கினார்கள். கடல்பனி உடைந்து வண்டி மூழ்கியது. 1956 ஜனவரி 6 அன்று, மக்மர்டோ விரிகுடாப் பகுதியில் ரிச்சர்டு வில்லியம்ஸ் என்னும் அமெரிக்க ஓட்டுநர் செலுத்திச் சென்ற டி-8 டிராக்டர் கடல்பனியை உடைத்துக்கொண்டு இறங்கியது. அவர் மீளவில்லை. அங்குள்ள விமானத்தளம் ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

“சங்கிலிச் சக்கரத்தை அகலமாக்கி அழுத்தத்தைக் குறைத்தால் போதாதா?” என்று நீங்கள் கேட்கலாம். சேற்றுக்கும் புதுப்பனிக்கும் அது சரி. மிதக்கும் பனிக்கு அது போதாது. ஏனென்றால் இப்பனி, ஊசி துணியைத் துளைப்பதுபோலத் துளைபட்டு உடைவதில்லை. பலகைபோல வளைந்து உடைகிறது. ஒரு மீட்டர் தடிப்புள்ள பனியின் மேல் வண்டி நின்றால், அதைச் சுற்றிப் பல மீட்டர் தொலைவுவரை பனி ஒரு தட்டுப்போலக் குழிந்து, நீரை அமுக்கி, அந்த நீரின் மிதப்பு விசையால் வண்டியைத் தாங்குகிறது. அவ்வளவு பெரிய குழிவில், சக்கரத்தின் அகலத்தை அரை மீட்டர் கூட்டிப் பெரிய பயனில்லை. மொத்த எடையும் பனியின் தடிப்புமே கணக்கு.

தடிப்பு எப்படிக் கணக்கில் வருகிறது? தாங்கும் சுமை தடிப்பின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். கனடாவின் கோல்டு என்னும் ஆய்வாளர் 1971இல், நன்னீர்ப் பனியில் நடந்த விபத்துகளையும் நடக்காத பயணங்களையும் தொகுத்து எளிய விதி ஒன்றைத் தந்தார். தடிப்பைச் சென்டிமீட்டரில் எடுத்து, வர்க்கமாக்கி, 3.5ஆல் பெருக்கினால் கிடைப்பது, எச்சரிக்கையோடு ஏற்றக்கூடிய சுமை, கிலோகிராமில். 50 சென்டிமீட்டருக்குச் சுமார் 9 டன். 100 சென்டிமீட்டருக்கு 35 டன். தடிப்பு இரு மடங்கானால் சுமை நான்கு மடங்கு. உப்பு அறைகள் கொண்ட கடல்பனிக்கு இதைவிடக் கூடுதல் தடிப்பு வேண்டும். விரிசல் அருகே இருந்தால் எல்லாக் கணக்கும் மாறிவிடும்.

வேகமும் ஓர் எதிரி. வண்டி நகரும்போது அதற்குக் கீழுள்ள குழிவும் கூடவே நகர்கிறது. நீரில் ஓர் அலை உண்டாகிறது. ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகத்தை நாம் அறிவோம்: புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். 10 மீட்டர் ஆழத்துக்கு மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர். வண்டியும் அதே வேகத்தில் ஓடினால் அலை விலகிப் போக முடியாமல் வண்டியின் அடியிலேயே வளர்ந்துகொண்டு போகும். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளத் தள்ள வீச்சு பெருகுவதுபோல!

இரண்டாம் உலகப்போரில் லெனின்கிராடு நகரம் முற்றுகையிடப்பட்டபோது, 1941 நவம்பர் 22 முதல் உறைந்த லடோகா ஏரியின் மேல் லாரிகள் உணவு கொண்டுசென்றன. அந்நகரின் இயற்பியலாளர்கள் பனி வளைவதைப் பதிவு செய்யும் கருவி செய்து ஏரியில் பொருத்தினார்கள். எந்த வேகம் ஆபத்து, வண்டிகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்ற விதிகள் அந்த அளவீடுகளிலிருந்து பிறந்தன. பல ஓட்டுநர்கள் கதவைத் திறந்து வைத்தே ஓட்டினார்கள். எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை.

நம் அரைக்கும் எந்திரம் மணிக்கு 360 மீட்டர்தான் நகர்கிறது. அலைத் தொல்லை இல்லை. ஆனால் நெடுநேரம் ஒரே இடத்தில் நின்றுவிடவும் கூடாது. சுமையின் கீழ்ப் பனி மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். இறுதியில் விரிசல் வழியே கடல்நீர் மேலே வரும். விரைந்தால் அலை, நின்றால் தொய்வு!

பரம்பு அடிக்கும் உழவர் சொல்லும் விடை

கிருஷ்ணகிரி அணையின் பாசனத்தில் நெல் நடும் வயலைப் பாருங்கள். உழவர் வயலில் நீரைத் தேக்குகிறார். நீர்மட்டத்துக்கு மேலே தலைகாட்டும் மேடு எது, ஆழமான பள்ளம் எது என்று நீரே காட்டிவிடுகிறது. பரம்புப் பலகையால் மேட்டை இழுத்துப் பள்ளத்தில் நிரப்புகிறார். மண் வயலைவிட்டு வெளியே போவதில்லை.

கடல்பனிக்கும் இதுவே சிறந்த வழி. அரைத்த பனித்தூளைப் பள்ளங்களில் பரப்ப வேண்டும். பனியில் துளையிட்டுக் கடல்நீரை இறைத்து அதன் மேல் ஊற்ற வேண்டும். ஜல்லியைச் சிமென்ட் பிணைப்பதுபோல உறையும் நீர் பனித்தூளைப் பிணைத்துவிடும். நீர் தானே மட்டம் பார்த்துக்கொள்ளும். ஊற்றுவதை மெல்லிய அடுக்குகளாகச் செய்ய வேண்டும். ஓர் அடுக்கு நன்கு உறைந்த பின்பே அடுத்தது. நீர் ஊற்றிப் பனியைத் தடிப்பாக்கும் இம்முறையைப் பெரிய அளவிலும் கையாண்டிருக்கிறார்கள். 1970களில் கனடாவின் பனார்க்டிக் நிறுவனம் ஆர்க்டிக் கடல்பனியை இவ்வாறு தடிப்பாக்கி, அதன் மேல் எண்ணெய்க் கிணறு தோண்டும் பொறிகளையே நிறுத்தியது.

சமன் செய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. பனிக்கட்டி வெப்பத்தைக் கடத்துவதில் எட்டில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்குதான் அதன் மேல் விழும் பொருபொருத்த புதுப்பனி கடத்துகிறது. புதுப்பனி ஒரு கம்பளி. அதை நீக்கிவிட்டால் கடலின் வெப்பம் விரைவாக வெளியேறும்; கீழே பனி வேகமாக வளரும். எந்திரம் மேலே பெருக்கப் பெருக்க, குளிர் அடியில் தளத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்! அதே சமயம், பெருக்கிய பனியை ஓரத்தில் உயரமாகக் குவித்தால், குவியலின் கீழே பனி மெலிந்து போகும். சுமையும் அங்கேதான் இருக்கும். முதல் பாடம் இங்கும் பொருந்துகிறது அல்லவா?

இன்று நடப்பது என்ன?

மக்மர்டோவில் 1955 டிசம்பரில் முதல் விமானங்கள் கடல்பனியில் இறங்கின. பின்னர் பல பத்தாண்டுகள், சுமார் 2 மீட்டர் தடிப்புள்ள பனியில் ஆண்டுதோறும் ஓடுதளம் அமைத்தார்கள். சி-17 போன்ற மாபெரும் சரக்கு விமானங்கள்கூட அதில் இறங்கின. காலப்போக்கில் அங்குள்ள தளங்கள் கடல்பனியை விட்டு நிலையான பனியடுக்குக்கு மாறிவிட்டன. வட துருவத்தின் அருகே ரஷ்யர்கள் அமைக்கும் பார்னியோ முகாமுக்கோ நிலையான இடமே கிடையாது. மிதந்து நகரும் பனிதான் தளம். 2018 வரை பெரும்பாலான ஆண்டுகளில், ஏப்ரல் மாதத்தில், விமானத்திலிருந்து பாராசூட் மூலம் டிராக்டர்களை இறக்கி, சுமார் 1200 மீட்டர் ஓடுதளத்தைச் சமன் செய்தார்கள். தளம் பிளந்து வேறிடத்தில் மீண்டும் அமைத்த ஆண்டுகளும் உண்டு. செல்யூஸ்கின் காலத்துக் கதைதான். கடப்பாரைக்குப் பதில் டிராக்டர்.

தடிப்பை அறிய இன்று துளைபோட்டுக்கொண்டே போக வேண்டியதில்லை. கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும். பனி அநேகமாகக் கடத்தாது. மாறுமின்னோட்டம் பாயும் கம்பிச்சுருளைப் பனியின் மேல் வைத்தால், கீழேயுள்ள நீரில் மின்னோட்டம் தூண்டப்படும். அதன் எதிரொலியை இன்னொரு சுருள் உணர்ந்து, நீர் எவ்வளவு ஆழத்தில் தொடங்குகிறது என்று சொல்லிவிடும். ஃபாரடேயின் தூண்டல் விதியேதான்! பனிக்கு அடியில் போய்ப் பார்க்கவும் எந்திரங்கள் வந்துவிட்டன. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய, தொலைவிலிருந்து இயக்கும் நீர்மூழ்கிக் கருவி, 2015இல் அண்டார்க்டிகாவில் ஏரியிலும் பனியடுக்குப் பகுதியிலும் இறங்கி வேலை செய்தது.

ஆனால் கடல்பனி முன்போல இல்லை. ஆர்க்டிக்கில் அது மெலிந்துவருகிறது. அண்டார்க்டிகாவைச் சுற்றிய கடல்பனியின் பரப்பு, செயற்கைக்கோள் அளவீடுகள் தொடங்கிய பின் கண்ட மிகக் குறைந்த அளவான சுமார் 18 லட்சம் சதுர கிலோமீட்டரை 2023 பிப்ரவரியில் தொட்டது. பனி பாதியாக மெலிந்தால் தாங்கும் சுமை கால்பங்காகிவிடும் என்று மேலே கண்டோம். நேற்றைய டிராக்டர் நாளை நிற்க முடியாது. இனி வேண்டியது இன்னும் இலகுவான எந்திரம்.

அந்த எந்திரம் எப்படி இருக்க வேண்டும்? இதுவரை கண்டதைத் தொகுத்துப் பாருங்கள். எடை சில டன்களுக்குள் அடங்க வேண்டும். தள்ளக் கூடாது, அரைக்க வேண்டும். அரைத்ததைக் குவிக்கக் கூடாது; முன்னேயுள்ள பள்ளத்தில் தூவ வேண்டும். நீர் இறைக்கும் பம்பு கூடவே வேண்டும். போகும் வழியின் தடிப்பைத் தானே அளந்து, மெலிந்த இடத்துக்கு முன் நின்றுவிட வேண்டும். உடைந்து விழுந்தாலும் படகுபோல மிதக்க வேண்டும். உள்ளே மனிதர் இருந்தால் கூரையில் திறப்பு வேண்டும். மனிதரே இல்லாமல் தொலைவிலிருந்து இயக்க முடிந்தால் மிக நன்று. பல் பதித்த உருளை, சிறிய டீசல் என்ஜின், பம்பு, மின்னணுக் கட்டுப்பாடு ஆகிய இவற்றுள் எதுவும் ஓசூர்த் தொழிற்பேட்டைக்குப் புதிய பொருளன்று. இவற்றை மிதக்கும் தரைக்கேற்பச் சேர்ப்பதுதான் புதிய வேலை.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவான இரண்டு தட்டையான பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அரை லிட்டர் நல்ல தண்ணீர். மற்றதில் மூன்று தேக்கரண்டி உப்புக் கரைத்த அரை லிட்டர் தண்ணீர். இது ஏறத்தாழக் கடல்நீரின் உப்பளவு. இரண்டையும் குளிர்பதனப் பெட்டியின் உறைப்பகுதியில் ஒரு நாள் வையுங்கள். வெளியே எடுத்து, ஓர் ஆணியால் இரண்டையும் ஒரே அழுத்தத்தில் கீறிப் பாருங்கள். எது எளிதில் கீறுபடுகிறது? ஐந்து நிமிடம், பத்து நிமிடம் கழித்து மீண்டும் கீறுங்கள். எதன் வலிமை விரைவாகக் குறைகிறது?

பிறகு நல்ல தண்ணீர்ப் பனிப்பாளத்தை ஒரு வாளி உப்புநீரில் மிதக்கவிட்டு, நீருக்கு மேலே எவ்வளவு தெரிகிறது என்று அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். சூடான கரண்டியின் முதுகால் மேற்பரப்பைத் தேய்த்துச் சீராக ஒரு சென்டிமீட்டர் கரைத்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். நீங்கள் நீக்கியது ஒரு சென்டிமீட்டர். நீருக்கு மேலே தெரியும் உயரம் குறைந்தது எவ்வளவு?

கடைசியாக ஒரு கணக்கு. உங்கள் எந்திரத்தின் எடை 6 டன். கோல்டின் விதிப்படி, நன்னீர்ப் பனியில் அதற்கு எத்தனை சென்டிமீட்டர் தடிப்பு வேண்டும்? எடையை 4 டன்னாகக் குறைத்தால் எத்தனை சென்டிமீட்டர் மிச்சமாகும்? இரண்டு டன்னை எந்த உறுப்பிலிருந்து குறைப்பீர்கள் என்பதையும் வரைந்து பாருங்கள். விடையைவிட அந்த வரைபடம் முக்கியம்.